மஞ்சள் விளக்கு எத்தனை வினாடி எரிய வேண்டும்?

சிக்னலுக்கு நேரம் குறிப்பவர்கள் பச்சைக்குத்தான் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். மஞ்சளுக்குப் பழக்கப்படி 3 வினாடி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஒரு பக்கத்துப் பச்சை முடிந்து அடுத்த பக்கத்துப் பச்சை விழும்வரை உள்ள அந்தச் சில வினாடிகளை, அங்கே ஓடும் வண்டிகளையும் ஓட்டுபவர்களின் பழக்கத்தையும் பார்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

முதலில் வேகம். நெரிசல் இல்லாத வேளையில், பச்சையில் தடையின்றி வரும் 100 வண்டிகளையாவது அளந்துகொள்ளுங்கள். அளப்பவர் கண்ணில் படக்கூடாது. கருவியைப் பார்த்தாலே கால் பிரேக்குக்குப் போய்விடும். நூற்றில் 85 வண்டிகள் எந்த வேகத்துக்குள் அடங்குகின்றனவோ அதுதான் கணக்குக்கான வேகம். பலகையில் எழுதியிருக்கும் 40 அல்ல.

அது மணிக்கு 50 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம், வினாடிக்கு 13.9 மீட்டர். விளக்கு மாறியதைக் கண்டு கால் பிரேக்கை மிதிக்க 1 வினாடி. (திறந்த சாலையில் பார்வைத் தூரம் கணக்கிட இந்தியச் சாலைப் பேரவை 2.5 வினாடி எடுக்கிறது. அங்கே தடை எதிர்பாராமல் வரும். சிக்னலோ முன்கூட்டியே கண்ணுக்குத் தெரியும்.) வேகம் குறையும் வீதம் வினாடிக்கு 3 மீ./வினாடி. வேகத்தை இந்த வீதத்தின் இருமடங்கால், அதாவது 6-ஆல் வகுத்தால் 2.3, எதிர்வினை நேரமான 1-ஐக் கூட்டினால் 3.3 வினாடி. 3.5 என வையுங்கள்.

3 வினாடியே வைத்தால் என்ன கெடும்? 50-இல் வருபவர் வண்டியை நிறுத்த 46 மீட்டர் வேண்டும். 3 வினாடியில் அவர் கடப்பதோ சுமார் 42 மீட்டர். கோட்டிலிருந்து 42-க்கும் 46-க்கும் நடுவே மாட்டியவரால் நிற்கவும் முடியாது, சிவப்புக்கு முன் கோட்டைத் தாண்டவும் முடியாது. விதியை மதிப்பவரையும் அந்த விளக்கு மீற வைக்கும்.

4 சதவீத இறக்கமானால் வண்டி மெதுவாகத்தான் நிற்கும், 3.7 வினாடி தேவைப்படும். பேருந்துத் தடமானால் தனிக் கணக்கு. பயணிகள் நின்றுகொண்டு வரும்போது ஓட்டுநர் அழுத்தி மிதிக்க மாட்டார், வீதம் 2 என்று எடுங்கள். 40 கி.மீ.-இல் வரும் பேருந்துக்கு 3.8 வினாடி வரும். கிடைத்த எண்களில் பெரியதை வையுங்கள், ஆனால் 5-ஐத் தாண்ட வேண்டாம். தினமும் வருபவர்கள் நீண்ட மஞ்சளைப் பச்சையாகவே பாவிப்பார்கள்.

அடுத்தது எல்லாப் பக்கமும் சிவப்பு: மஞ்சளில் நுழைந்தவர் சந்திப்பைக் கடந்து வெளியேறும்வரை யாருக்கும் பச்சை விழாத நேரம். நிறுத்தக் கோட்டிலிருந்து குறுக்குச் சாலையின் கடைசி ஓரம்வரை 24 மீட்டர், பேருந்தின் நீளம் 12 மீட்டர். ஆக 36 மீட்டர். 50 கி.மீ. வேகத்தில் 2.6 வினாடி போதும். ஆனால் மாட்டிக்கொள்வது வேகமான கார் அல்ல, 30-இல் ஊர்ந்து வரும் பேருந்துதான்; அதற்கு 4.3 வினாடி. இங்கே மெதுவான வண்டியின் வேகத்தையே எடுக்க வேண்டும்.

குறுக்கே நிற்பவர்கள் கிளம்பத் தாமதிப்பார்கள் என்று இதிலிருந்து ஒரு வினாடி கழிக்கும் வழக்கம் வெளிநாட்டுக் கையேடுகளில் உண்டு. நம் ஊரில் அதைச் செய்யாதீர்கள். எண்ணிக்கை காட்டும் பலகை இருக்கும் இடத்தில் 2 வரும்போதே டூவீலர்கள் புறப்பட்டுவிடும். அவை சந்து புகுந்து வந்து ஜீப்ரா கோட்டின் மேலேயே நிற்கும் என்பதால், மோதல் இடத்தையும் கோடு போட்ட இடத்திலிருந்து அல்ல, அவை உண்மையில் நிற்கும் இடத்திலிருந்து அளக்க வேண்டும்.

நடப்பவருக்கு: 14 மீட்டர் சாலையை வினாடிக்கு 1.2 மீட்டர் வீதம் கடக்க 11.7 வினாடி, இறங்கத் தொடங்க 7 வினாடி, மொத்தம் 19. மருத்துவமனை வாசலில் 0.9 மீட்டர் என எடுங்கள், 23 ஆகும். அவ்வளவு தர முடியாவிட்டால் நடுவில் நின்றுகொள்ளத் திட்டு கட்டுங்கள்.

பச்சையின் கொள்ளளவை வழித்தடங்களை எண்ணிக் கணக்கிட்டால் பிசகும், இங்கே யாரும் தடம் பார்த்து நிற்பதில்லை. வரும் சாலையின் அகலத்தை 525-ஆல் பெருக்குங்கள். 7 மீட்டருக்கு, ஒரு மணி நேரம் தொடர்ந்து பச்சை எரிந்தால், 3,675 கார் அளவு. மற்ற வண்டிகளைக் கார் கணக்குக்கு மாற்ற, அந்தந்த வகை 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் டூவீலருக்கு 0.75, ஆட்டோவுக்கு 2, பேருந்துக்கு 3.7.

புதிய நேரத்தை ஓடவிட்டு வீடியோ எடுங்கள். சிவப்பு விழுந்த முதல் வினாடிக்குள் கோட்டைத் தாண்டுபவர்கள் அதிகமென்றால் மஞ்சள் இன்னும் போதவில்லை. 2 வினாடிக்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தால் விளக்கு நேரத்தைக் கூட்டிப் பயனில்லை, அது காவலர் பார்க்க வேண்டிய வேலை.