வீட்டு மொழியில் பேச்சு, தமிழில் எழுத்து: பிள்ளைகளோடு ஒரு சின்னப் படம் செய்யும் முறை

காரைக்குடியைச் சுற்றிய ஊர்களில் இப்போது தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் இல்லை. ஹோட்டல் வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பங்கள், நகைப்பட்டறையில் இருக்கும் வங்காளிகள், கல் பதிக்க வந்த ராஜஸ்தான்காரர்கள், விடுமுறைக்கு மலேசியாவிலிருந்து வரும் பேரப்பிள்ளைகள் என்று ஒரே தெருவில் நாலைந்து மொழி கேட்கிறது. இவர்களை ஒன்றாக உட்காரவைத்து, ஆளுக்கு மூன்று நிமிடப் படம் ஒன்றைச் செய்யவைக்கும் பயிற்சியை எங்கள் ஊரில் நடத்தி வருகிறோம். நீங்களும் நடத்தலாம். செல்போனும் ஒரு பழைய கம்ப்யூட்டரும் போதும்.

ஒரே ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பிள்ளை வீட்டில் எந்த மொழியில் பேசுகிறதோ, அதே மொழியில்தான் படத்திலும் பேச வேண்டும். தமிழ் கீழே எழுத்தாக வரட்டும். தெரியாத மொழியில் மனப்பாடம் செய்து ஒப்பிக்கவைத்தால் குரலில் உயிர் இருக்காது.

1. பொருளும் கையெழுத்தும்

ஆளுக்கு ஒரு வீட்டுப் பொருளை எடுத்து வரச் சொல்லுங்கள். அப்பத்தாவின் பர்மா மரவைப் பாத்திரம், அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைப் பாத்திரம், எதுவானாலும் சரி. பொருள் கையில் இருந்தால் பேச்சு தானாக வரும்.

பெற்றோரின் கையெழுத்தை முதல் நாளே வாங்கிவிடுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகவே கொள்கிறது, பெற்றோர் ஒப்புதலையும் கேட்கிறது. தாளை நீட்டிக் கையெழுத்து மட்டும் கேட்காமல், படம் எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்று அவர்கள் மொழி தெரிந்த ஒருவரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

2. குரல் பதிவு

செட்டிநாட்டு வீடு கண்ணுக்கு அழகு, மைக்குக்கு எதிரி. ஆத்தங்குடிக் கல் தரை, வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு, உயரமான கூரை எல்லாம் சேர்ந்து குரலைத் திருப்பி அடிக்கும். முன்கூடமான பட்டாலையிலோ, முற்றத்தைச் சுற்றிய வளவிலோ உட்கார வேண்டாம். வளவை ஒட்டிய சின்ன அறை ஒன்றில் மெத்தை, ஜமக்காளம், துணி மூட்டை என்று கிடைத்ததைப் பரப்பி, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதியுங்கள். போன் ஏரோப்பிளேன் மோடில் இருக்கட்டும்.

மலிவான வயர்லெஸ் மைக்கை விட வயருள்ள காலர் மைக்கைத்தான் நான் சொல்வேன். சார்ஜ் தீராது, இணைப்பு அறுந்து போகாது. மோனோ, 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 5.8 எம்பி வரும். போனில் அந்த அளவு இடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

3. வெட்டி ஒட்டுதல்

குரலுக்கு அடாசிட்டி, படத்துக்கு ஷாட்கட். இரண்டும் இலவசம், முடித்து எடுக்கும் படத்தின் மேல் மென்பொருளின் முத்திரையும் (வாட்டர்மார்க்) விழாது. பொருளை நாலைந்து கோணத்தில் புகைப்படம் எடுத்துக் குரலுக்கு மேல் வரிசையாகப் போட்டாலே படம் தயார்.

4. தமிழ் எழுத்து

எங்களை அதிகம் பாடுபடுத்தியது இந்தப் படிதான், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

பேசிய பிள்ளையும் தமிழ் எழுதத் தெரிந்த பிள்ளையும் ஜோடியாக உட்காரட்டும். ஒருவர் வாக்கியம் வாக்கியமாக அர்த்தம் சொல்ல, மற்றவர் எழுதலாம். திரையில் ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், வரிக்கு ஐந்தாறு சொல் போதும். இந்தப் பயிற்சியின் உண்மையான பலன் இந்த ஜோடி வேலையில்தான் இருக்கிறது. சண்டையும் சிரிப்புமாக ஒருவர் வீட்டை இன்னொருவர் தெரிந்துகொள்வது இங்கேதான்.

எழுதியதை நேரத்தோடு சேர்த்து எஸ்ஆர்டி (.srt) என்ற சப்டைட்டில் கோப்பாக்க வேண்டும். வரிசை எண், அடுத்து 00:00:12,500 --> 00:00:15,000 என்ற நேர வரி, அதன் கீழே எழுத்து, அப்புறம் ஒரு வெற்று வரி. நொடிக்குப் பின் வருவது காற்புள்ளி, முற்றுப்புள்ளி அல்ல. கையால் அடிப்பதை விட சப்டைட்டில் எடிட் மென்பொருள் வசதி.

சிக்கல் இரண்டு இடத்தில் வரும். முதலாவது, டிடிபி சென்டரில் அடித்து வாங்கிய எழுத்து. பல கடைகளில் இன்னும் பாமினி எழுத்துருதான். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த முறை. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ‘அம்மா’ என்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். எழுத்துருவை மாற்றித் தரும் மென்பொருள் ஒன்றில் போட்டு, எல்லாக் கருவியிலும் படிக்கக்கூடிய யூனிகோடு முறைக்கு மாற்றுங்கள், இல்லையேல் போன் கீபோர்டிலேயே அடித்துவிடுங்கள்.

இரண்டாவது, நோட்பேட். 2019க்கு முந்தைய விண்டோஸில், நாம் மாற்றாவிட்டால் அது ஏஎன்எஸ்ஐ என்ற பழைய முறையில்தான் சேமிக்கும். அதில் தமிழுக்கு இடமில்லை, எல்லா எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும். மூடிவிட்டால் மீட்கவும் முடியாது. ‘சேவ் அஸ்’ பெட்டியின் அடியில் என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎஃப்-8 என்று மாற்றிய பிறகே சேமியுங்கள். ஒடியா, வங்காள எழுத்துக்கும் இதேதான்.

5. ஏற்றுதல்

யூடியூபில் ஏற்றி, சப்டைட்டில் பகுதியில் மொழியைத் தமிழ் என்று தேர்ந்து, ‘வித் டைமிங்’ வழியாகக் கோப்பைக் கொடுங்கள். குடும்பத்தார் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அன்லிஸ்டட் (லிங்க் வைத்திருப்பவர் மட்டும் பார்க்கும் வகை) ஆகவே இருக்கட்டும்.

பின்சேர்க்கை: பென்டிரைவில் போட்டு டிவியில் பார்த்தால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வருகிறது என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். அந்த டிவியில் தமிழ் எழுத்துரு இல்லை. எழுத்தைப் படத்தோடு பதித்துவிடுவதுதான் வழி. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு நன்றாக இருக்கும். முழுப்படத்தையும் பதிக்கும் முன் ‘கொய்யா’, ‘பெட்டி’ என்று இரண்டு சொல்லை மட்டும் பதித்துப் பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் அந்த மென்பொருளுக்குத் தமிழ் சரியாக வராது. வேறொன்றுக்கு மாறிவிடுங்கள்.