கோத்தகிரியில் மேப் இல்லாமல் போன போது

தேயிலை விவசாயிகளிடம் பச்சை இலை எடுக்கும் வண்டி ஓட்டுகிறேன். கோத்தகிரியிலிருந்து கொடநாடு, கீழ்கோத்தகிரி பக்கம் ஒவ்வொரு ஹட்டிக்கும் (படுகர் ஊர்) போக வேண்டும். இலை நிறுக்கும் இடங்களையெல்லாம் போனில் குறித்து வைத்திருந்தேன். ஒருநாள் அந்த மேப் செயலி, "உங்கள் ஆண்ட்ராய்டு பதிப்பில் இனி இயங்காது" என்று சொல்லி நின்றுவிட்டது. நன்றாக ஓடும் போனைத் தூக்கிப்போட எனக்கு மனசில்லை.

செயலி நின்றாலும் அதில் இருந்த என் லாகின் கணக்கு அழியவில்லை என்பதுதான் முக்கியம். பிரவுசிங் சென்டர் கணினியில் லாகின் செய்து, குறித்த இடங்களை கேஎம்எல் (வரைபடப் புள்ளிகளைச் சேமிக்கும் வகை) கோப்பாக இறக்கிக் கொண்டேன். போனில் இணையம் இல்லாமலே இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ் என்ற செயலியைப் போட்டு, வைஃபை இருக்கும்போதே தமிழ்நாடு வரைபடத்தை இறக்கி, அந்தக் கோப்பைத் திறந்தேன். எல்லாப் புள்ளிகளும் வந்துவிட்டன. ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை. சோலைக்குள் சிக்னல் போனாலும் நீலப் புள்ளி நம்மோடு நகர்கிறது.

ஆனால் சில எஸ்டேட் சாலைகள் அதில் இல்லை. இந்த வரைபடத்துக்கு அடிப்படை, 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடம். யார் வேண்டுமானாலும் திருத்தலாம். வண்டி ஓடும்போதே போன தடத்தைப் பதிவு செய்தேன். அப்புறம் அந்தத் தடம் பதிவான ஜிபிஎக்ஸ் கோப்பை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தின் எடிட்டரில் இழுத்துப் போட்டால் கோடாகத் தெரியும். அதன்மேல் சாலையை வரைந்தேன். ஜீப் மட்டும் போகும் மண் தடத்தைத் தார்ச்சாலை என்று போடக்கூடாது, மழையில் யாராவது லாரியோடு மாட்டிக்கொள்வார்கள். வரைந்தவை போனுக்கு உடனே வராது, வரைபடத்தை அடுத்து புதுப்பிக்கும்போதுதான் வரும்.