உருளைக்கிழங்கைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள்

வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் முதலில் தடை விழுவது உருளைக்கிழங்குக்குத்தான். தட்டு நிறையச் சோறு போடுவதை மட்டும் யாரும் தடுப்பதில்லை. 100 கிராம் வேகவைத்த உருளையில் சுமார் 87 கலோரி, 20 கிராம் மாவுச்சத்து. அதே எடை வெள்ளைச் சோற்றில் சுமார் 130 கலோரி, 28 கிராம் மாவுச்சத்து. எடைக்கு எடை பார்த்தால் சோறுதான் கூடுதல்.

சிக்கல் என்னவென்றால், நாம் இரண்டில் ஒன்றைச் சாப்பிடுவதில்லை. சோற்றில் சாம்பாரை ஊற்றி, பக்கத்தில் உருளை வறுவலை வைத்து, "அதான் காய் இருக்கே" என்று திருப்திப்பட்டுக்கொள்கிறோம். பூரிக்கு உருளை மசால், சப்பாத்திக்கு உருளை குருமா என்று எல்லாமே மாவுக்கு மேல் மாவுதான். தினமும் குறைந்தது 400 கிராம் காய்கறி, பழம் சாப்பிடச் சொல்லும் உலக சுகாதார நிறுவனம், அந்தக் கணக்கில் உருளையையும் மரவள்ளியையும் சர்க்கரைவள்ளியையும் சேர்ப்பதில்லை. ஆகவே உருளை செய்கிற அன்று ஒரு கரண்டி சோற்றைக் குறையுங்கள். கூடவே கீரையோ அவரைக்காயோ இருக்கட்டும். இதைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அடுத்த தவறு, எப்படிச் சமைத்தாலும் உருளை உருளைதான் என்று நினைப்பது. 2025 ஆகஸ்டில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஹார்வர்ட் ஆய்வு, இரண்டு லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்கர்களின் பல ஆண்டு உணவுப் பழக்கத்தை அலசியது. வாரத்தில் மூன்று முறை பிரெஞ்சு ஃபிரைஸ் சாப்பிட்டவர்களுக்கு இரண்டாம் வகை சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 20 சதவீதம் கூடியிருந்தது. வேகவைத்ததிலும் சுட்டதிலும் மசித்ததிலும் அப்படிச் சொல்லும்படியான உயர்வு தென்படவில்லை. ஃபிரைஸ் மட்டுமே காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. இருந்தாலும் நம் ஊர் சிப்ஸ் பிரியர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

அதற்காக, வேகவைத்தால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று கிளம்பிவிட வேண்டாம். வெந்த உருளையும் ரத்தச் சர்க்கரையை வேகமாகவே ஏற்றும். வேகவைத்து ஆறவிட்டால் மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வகையாக மாறுகிறது என்பது உண்மைதான். ஒரு பகுதி மட்டும்தான் அப்படி மாறுகிறது. மீதி மாவுச்சத்து வழக்கம்போல் ரத்தத்தில் சர்க்கரையாகச் சேரும்.

இனி, பலரும் கண்டுகொள்ளாமல் விடுகிற பச்சை நிறம். கடையில் விளக்கு வெளிச்சத்தில் குவித்து வைத்த கிழங்கு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் லேசாகப் பச்சை பூசியதுபோல் இருக்கும். நகத்தால் தோலைச் சுரண்டினால் அடியில் இன்னும் நன்றாகத் தெரியும். அந்தப் பச்சை, இலையில் இருக்கிற அதே பச்சையம்தான்; அதனால் கெடுதல் இல்லை. ஆனால் வெளிச்சம் பட்ட கிழங்கில் பச்சையத்தோடு சோலனின் என்ற நச்சும் பெருகுகிறது. பச்சை அதற்கு ஓர் அடையாளம். சோலனின் தோலிலும் முளையிலும் அதிகமாகச் சேரும். குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் அழியாது.

1969இல் லண்டனில் ஒரு பள்ளியில் முந்தைய பருவத்தில் மிஞ்சிக் கிடந்த உருளைக்கிழங்கைச் சமைத்துப் போட்டார்கள். 78 மாணவர்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். 17 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. சந்தேகம் சோலனின் மேல்தான் விழுந்தது.

அதனால் பச்சை சிறிதாக இருந்தால் அந்த இடத்தைத் தடிமனாகச் சீவி எறியுங்கள். கிழங்கு முழுக்கப் பச்சை என்றால் குப்பைக்குத்தான். முளை லேசாக எட்டிப் பார்த்து, கிழங்கு கெட்டியாக இருந்தால் முளையைக் குடைந்து எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம். சுருங்கித் தொளதொளவென்று ஆகி, முளையும் நீண்டிருந்தால் விலையைப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். வாயில் கசந்தால் துப்பிவிடுங்கள். காரசாரமான குழம்பில் அந்தக் கசப்பு தெரியாமலே போய்விடும் என்பதால் நறுக்கும்போதே பார்ப்பது நல்லது. தோலில்தான் சத்து எல்லாம் என்று பச்சைத் தோலோடு சமைக்கிறவர்களும் இருக்கிறார்கள். நார்ச்சத்து தோலில் உண்டு, சரி. ஆனால் பொட்டாசியமும் வைட்டமின் சியும் பெரும்பாலும் சதையில்தான் இருக்கின்றன.

வெளிச்சம் ஆகாது என்றதும் ஃபிரிட்ஜில் வைக்கத் தோன்றும். குளிரில் கிழங்கின் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். அதை வறுத்தால் உள்ளே வேகும் முன்பே வெளியே கருத்துவிடும். அந்தச் சர்க்கரையும் கிழங்கில் உள்ள ஒரு அமினோ அமிலமும் 120 டிகிரிக்கு மேலான சூட்டில் சேர்ந்து அக்ரிலமைடு என்ற பொருளாகின்றன. இது உணவில் இருப்பதை 2002இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் வெளிப்படுத்தினார்கள். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வருகிற அளவுக்கு அலற வேண்டியதில்லை. பொன்னிறம் வந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். வாணலி அடியில் ஒட்டிக் கருத்த துண்டுகளுக்குத்தான் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். அவற்றை எடுத்துப் போட்டுவிடுங்கள். நறுக்கிய துண்டுகளை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, வடித்துத் துடைத்து வறுத்தால் அக்ரிலமைடு குறையும். கிழங்கை வைக்க, காற்றோட்டமான இருட்டு மூலையில் ஒரு கூடையோ சாக்கோ போதும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வியர்த்து அழுகும்.

பொட்டாசியம் விஷயத்தில்தான் ஒருவருக்கு நல்லது இன்னொருவருக்கு ஆகாமல் போகிறது. 100 கிராம் உருளையில் அது சுமார் 400 மில்லிகிராம் உண்டு. சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிற ரத்த அழுத்தக்காரருக்கு அது நல்லது. தோலோடு முழுசாக வேகவைத்தால் பெரும்பகுதி கிழங்கிலேயே தங்கும். உப்பை அள்ளிப் போட்டால் அந்தப் பலன் வீண். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இதே பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே குலைக்கலாம். இரவெல்லாம் தண்ணீரில் ஊறப்போட்டால் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். வெறுமனே ஊறப்போட்டால் பெரிதாக ஒன்றும் குறையாது. சின்னச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டினால்தான் பாதியளவாவது வெளியேறும். அப்படிச் செய்தும் எவ்வளவு சாப்பிடலாம் என்பதைச் சிகிச்சை தருகிற மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், மசால் தோசைக்குக் காலையில் செய்த மசாலை இரவு வரை அடுப்பு மேடையிலேயே விட்டு வைக்காதீர்கள். நம் வெயிலுக்கு இரண்டு மணி நேரமே அதிகம். மிஞ்சினால் ஃபிரிட்ஜில் வையுங்கள். சமைத்த கிழங்குக்கு அதுதான் இடம். வேகவைக்காத உருளையின் சாற்றை வெறும் வயிற்றில் குடித்தால் குடல்புண் ஆறும் என்று சொல்பவர்களைத் தாராளமாகப் பேசவிடுங்கள். சாற்றை மட்டும் குடிக்காதீர்கள். புண் இருந்தால் அதற்கு மாத்திரை இருக்கிறது.