'அந்த முகத்தை மறக்கவே மாட்டேன்': அடையாளம் காட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1984 ஜூலை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பர்லிங்டன் என்ற ஊர். 22 வயதுக் கல்லூரி மாணவி ஒருவரின் வீட்டுக்குள் இரவில் புகுந்தவன் கத்தியைக் காட்டி அவரைப் பாலியல் வன்கொடுமை செய்தான். அந்த நிலையிலும் அந்தப் பெண் அவன் முகத்தை உற்றுப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டார். பிழைத்தால் இவனை உள்ளே தள்ளாமல் விடக் கூடாது என்று வைராக்கியம். சில நாட்களில் போலீஸ் ஆறு புகைப்படங்களைக் காட்டியது. அவர் ஒன்றைத் தொட்டார். அது ரொனால்ட் காட்டன் என்பவரின் படம். நீதிமன்றத்திலும் தயங்காமல் அவரையே காட்டினார். காட்டன் பத்தரை ஆண்டுகள் சிறையில் இருந்த பிறகு, 1995-இல் டிஎன்ஏ பரிசோதனை அவர் நிரபராதி என்றது. செய்தவன் பாபி பூல் என்ற வேறொருவன்.

சாட்சிகள் ஏன் தவறுகிறார்கள் என்று கேட்டால் இருட்டு, பயம், தூரம், ஆயுதத்தின் மேலேயே நிலைத்த பார்வை என்று வழக்கமான பட்டியல் ஒன்று வரும். எல்லாம் உண்மைதான், ஆனால் அவற்றில் நம் கையில் இருப்பது ஒன்றுமில்லை. இந்த வழக்கைப் பிரித்துப் பார்த்தால், பெரிய தவறுகள் அந்த இரவுக்குப் பிறகு, காவல் நிலையத்து வெளிச்சத்தில், நல்ல மனதோடு நடந்தவை. தவிர்க்கக்கூடியவையும் அவைதான்.

முகம் பார்ப்பதில் நாம் கெட்டிக்காரர்கள் என்று நம்புவது

பள்ளித் தோழியைப் பல வருடம் கழித்துக் கல்யாண வீட்டில் கண்டாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுகிறோம். அதனால் எந்த முகத்தையும் அப்படிப் பிடித்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. பழகிய முகம் வேறு, ஒரே ஒருமுறை பார்த்த முகம் வேறு. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு பிரபலங்களின் 40 படங்களைக் கலந்து கொடுத்து, ஒவ்வொருவரின் படத்தையும் தனித்தனியாக அடுக்கச் சொன்னார்கள். அந்தப் பிரபலங்களை அறிந்த டச்சுக்காரர்கள் கிட்டத்தட்ட பிழையின்றி இரண்டாகப் பிரித்தார்கள். அவர்களை அறியாத பிரிட்டன்காரர்களோ சராசரியாக ஏழெட்டுப் பேர் இருப்பதாக அடுக்கினார்கள். வெளிச்சமும் தலைமுடியும் மாறினால் தெரியாத முகம் நமக்கு வேறு ஆளாகிவிடுகிறது.

இதில் நினைவாற்றலுக்கு வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள். படங்கள் கண்முன்னே கிடந்தன. ஆஸ்திரேலியாவில் பாஸ்போர்ட் அதிகாரிகளைச் சோதித்தபோதும், எதிரே நிற்பவருக்கும் படத்துக்கும் பொருத்தமில்லாத சமயங்களில் சுமார் 14 சதவீதத்தை அவர்கள் 'சரி' என்று விட்டார்கள். பல வருட அனுபவமும் கைகொடுக்கவில்லை.

இருப்பதில் நெருக்கமானதை எடுப்பது

ஆறு படங்களை வரிசையாக வைத்தாலே 'இதில் ஒருவன் இருக்கிறான், கண்டுபிடி' என்று சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. அமெரிக்க உளவியலாளர் கேரி வெல்ஸ் 1980-களிலேயே இதைச் சுட்டிக்காட்டினார். சாட்சி ஒவ்வொரு முகத்தையும் தன் நினைவோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, முகங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இருப்பதில் அதிகம் ஒத்துப்போவதைத் தேர்ந்தெடுக்கிறார். உண்மையான ஆள் அங்கே இருந்தால் பிரச்சினையில்லை. இல்லாவிட்டால், ஓரளவு ஜாடை உள்ள யாரோ மாட்டுகிறார். பர்லிங்டனில் காட்டிய ஆறு படங்களில் பாபி பூலின் படம் கிடையாது.

ஆகவே, 'அந்த ஆள் இதில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்று முதலிலேயே சாட்சியிடம் சொல்லிவிட வேண்டும். போலீஸ் சொல்லாவிட்டால் நீங்களே அப்படி எடுத்துக்கொள்ளுங்கள். 'இதில் இல்லை' என்பதும், 'எனக்குத் தெரியவில்லை' என்பதும் முழுமையான பதில்கள்தான். ஐந்து நிமிடம் இரண்டு படங்களை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தால், அதுவே ஒரு தகவல்.

'சரியாகச் சொன்னேனா?' என்று கேட்பது

என்னைப் பொறுத்தவரை இதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. கேட்பவர் பதற்றத்தில் கேட்கிறார்; சொல்பவர் ஆறுதலுக்குச் சொல்கிறார். யாரையும் குறை சொல்ல முடியாது.

1998-இல் வெல்ஸும் அவருடைய மாணவி பிராட்ஃபீல்டும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கேமரா பதிவைக் காட்டி, பிறகு அதில் வந்தவன் இல்லாத படவரிசை ஒன்றைக் கொடுத்து ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். தேர்ந்தெடுத்த எல்லோருமே தவறு. அதில் சிலரிடம் மட்டும் 'நல்லது, சந்தேக நபரைத்தான் காட்டியிருக்கிறீர்கள்' என்றார்கள். அவ்வளவுதான். அவர்களுடைய உறுதி எகிறியது. அதைவிட விசித்திரம், 'முகம் எவ்வளவு நன்றாகத் தெரிந்தது, எவ்வளவு கவனித்தீர்கள்' என்ற கேள்விகளுக்கும் அவர்கள் கூடுதலாகவே பதில் சொன்னார்கள். ஒரு வாக்கியம் பின்னோக்கிப் போய், பார்த்த காட்சியையே தெளிவாக்கிவிட்டது!

பர்லிங்டனில் முதல் நாள் அந்தப் பெண் சொன்னது 'இவன்தான் என்று நினைக்கிறேன்' என்ற அளவில்தான். பிறகு ஆட்களை நேரில் நிறுத்திக் காட்டினார்கள். படத்திலும் வரிசையிலும் இருந்தவர் காட்டன் ஒருவர்தான். அப்போதும் இரண்டு பேருக்கு நடுவே தயங்கித்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார். படத்தில் காட்டியதும் இதே ஆளைத்தான் என்று போலீஸ் சொன்னதும் அவருக்கு நிம்மதி. அதற்குப் பிறகு கெட்ட கனவில் வந்ததெல்லாம் காட்டனின் முகம்தான். 1987-இல் மறுவிசாரணை. இதற்குள் காட்டன் அதே சிறையில் பூலைக் கண்டுபிடித்திருந்தார். அவனை நீதிமன்றத்துக்குக் கூட்டி வந்தார்கள். தன்னைச் சீரழித்தவன் நேரெதிரே நிற்க, 'இவனை நான் பார்த்ததே இல்லை' என்றார் அந்தப் பெண். பொய் சொல்லவில்லை. அவர் மனதில் பழைய முகம் இருந்த இடத்தில் புதிய முகம் குடியேறி மூன்று வருடம் ஆகியிருந்தது.

எனவே, காட்டிய பிறகு எதுவும் கேட்காதீர்கள். வீட்டில் யாராவது சாட்சியாகப் போய் வந்தால் 'கரெக்டா சொல்லிட்டியா, சபாஷ்' என்று நீங்களும் தட்டிக்கொடுக்காதீர்கள்.

முன்கூட்டியே படம் பார்ப்பது

நம் ஊரில் இன்று பெரிய ஆபத்து செல்போன்தான். சங்கிலி பறிப்பு நடந்த ஒரு மணி நேரத்தில் தெரு வாட்ஸ்அப் குழுவில் சிசிடிவி படமும், 'இவனா பாருங்க' என்ற கேள்வியும் வந்துவிடுகின்றன. ஒருமுறை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டால், பிறகு 'எங்கேயோ பார்த்த முகம்' என்ற உணர்வு சம்பவத்திலிருந்து வருகிறதா, செல்போனிலிருந்து வருகிறதா என்று மனதால் பிரித்தறிய முடியாது. இதற்கு ஆஸ்திரேலிய உளவியலாளர் டொனால்ட் தாம்சனைவிடக் கசப்பான உதாரணம் கிடையாது. ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்ட பெண் அவரையே அடையாளம் காட்டினார். சம்பவம் நடந்த நேரத்தில் தாம்சன் தொலைக்காட்சி நேரலையில் இருந்தார். அந்தப் பெண் வீட்டில் அப்போது டிவி ஓடிக்கொண்டிருந்தது. தாம்சனின் துறையும் சாட்சிகளின் நினைவாற்றல்தான்.

கைதானவர்களின் முகத்தைத் துணியால் மூடி போலீஸ் அழைத்துப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். அடையாள அணிவகுப்பு, அதாவது சந்தேக நபரை வேறு சிலரோடு வரிசையாக நிறுத்திச் சாட்சியிடம் காட்டுவது, நடக்கும் முன் சாட்சி அந்த முகத்தைப் பார்த்துவிட்டால், அணிவகுப்புக்கு மதிப்பே இல்லை. சாட்சிகள் ஒன்றாக உட்கார்ந்து 'உயரமாத்தானே இருந்தான்?' என்று பேசிக்கொள்வதும் இதே வகைதான்.

கூண்டில் காட்டும் உறுதியை வைத்து எடைபோடுவது

இந்தியச் சட்டப்படி நீதிமன்றத்தில் காட்டுவதுதான் முதன்மைச் சாட்சியம். மாஜிஸ்திரேட் முன் நடக்கும் அணிவகுப்பு அதற்கு வலு சேர்ப்பது மட்டும்தான். உளவியல் சொல்வதோ ஏறக்குறைய இதன் தலைகீழ். வழக்கு விசாரணைக்கு வரும்போது சாட்சி அந்த முகத்தைப் பலமுறை பார்த்திருப்பார், மனதில் ஓட்டியிருப்பார். முதன்முறையாக நீதிமன்றத்தில் மட்டும் காட்டுவது பலவீனமானது என்று உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

அதற்காகச் சாட்சியின் உறுதி எதற்கும் உதவாது என்று கிளம்புவதும் தவறு. சமீபகால ஆய்வுகளின்படி, முறையாக நடத்தப்பட்ட முதல் அடையாளத்தில், யாரும் எதுவும் சொல்வதற்கு முன் சாட்சி காட்டும் உறுதி ஓரளவு நம்பத்தக்கது. அப்போது தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் நம்பலாம். எனவே அந்த நிமிடத்தில் சாட்சி சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிவைக்க வேண்டும்.

காட்டன் வழக்கு நடந்த வட கரோலினா 2007-இல் இதையெல்லாம் சட்டமாக்கியது: படம் காட்டுபவருக்கே சந்தேக நபர் யார் என்று தெரிந்திருக்கக் கூடாது, ஆள் இல்லாமலும் இருக்கலாம் என்று சாட்சியிடம் சொல்ல வேண்டும், எவ்வளவு உறுதி என்பதைச் சாட்சியின் சொந்த வார்த்தைகளில் உடனே பதிவு செய்ய வேண்டும்.