எல்லாக் கேமராவும் பனாப்டிகான் ஆகாது

கேமராவைக் கண்டதும் "இது பனாப்டிகான்" என்று எழுதிவிடுவதுதான் கண்காணிப்பு பற்றிய கட்டுரைகளில் அடிக்கடி தென்படும் தவறு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தம் திட்டமிட்ட சிறைக்கூடம் அது. வட்டக் கட்டடம், ஓரமெல்லாம் அறைகள், நடுவில் கோபுரம். பின்பக்கச் சன்னலின் வெளிச்சத்தில் கைதியின் உருவம் கோபுரத்துக்குத் தெளிவாகத் தெரியும். கோபுரச் சன்னல்களில் மறைப்பு இருப்பதால், உள்ளே ஆள் இருக்கிறாரா என்பது கைதிக்குத் தெரியாது. எந்நேரமும் பார்க்கப்படலாம் என்பதால் அவரே தன்னை அடக்கிக்கொள்வார். 1975இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷெல் ஃபூக்கோ அழுத்திச் சொன்னது இந்தக் கடைசி விஷயத்தைத்தான்.

ஆகவே ஒளித்து வைத்த கேமராவுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. கேமரா இருப்பதே தெரியாதவர் எதற்காகத் தன்னைத் திருத்திக்கொள்வார்? எழுதும் முன் மூன்றைச் சரிபாருங்கள்: பார்க்கப்படலாம் என்று அவருக்குத் தெரியுமா? எப்போது என்பது தெரியாமல் இருக்கிறதா? இப்படித்தான் நடக்க வேண்டும் என்ற விதி அங்கே உண்டா? ஒன்று குறைந்தாலும் வேறு சொல் தேடுங்கள்.

ஃபூக்கோவோடு நின்றுவிடுவதும் தவறுதான். வீடு, தெரு, பேட்டை எங்கும் மின்னணு அட்டையால் தடுப்பைத் திறக்கும் கற்பனை நகரம் ஒன்றை 1990இல் இன்னொரு பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழீல் டெல்யூஸ் எடுத்துக்காட்டினார். ஒருநாள் அந்த அட்டை திறக்காமலும் போகலாம். கடன் செயலி நொடியில் "நிராகரிக்கப்பட்டது" என்று காட்டுவதைப் புரிந்துகொள்ள இந்த அட்டைதான் உதவும். காரணமே தெரியாதவர் எதைத் திருத்திக்கொள்வார்?

இவற்றைவிடப் பெரிய தவறு, கண்காணிப்பு எல்லார்மேலும் ஒரே சீராக விழுவதாக நினைப்பது. "தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்" என்பவர்கள் 1871இல் பிரிட்டிஷ் ஆட்சி கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் படிக்க வேண்டும். பின்னாளில் அது சென்னை மாகாணத்துக்கும் நீண்டபோது, மதுரைப் பக்கத்துக் கள்ளர் ஆண்கள் கைரேகை பதிய வேண்டியிருந்தது. இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டியிருந்தது. தனி ஆள் என்ன செய்தார் என்பது பொருட்டே இல்லை, பிறந்த சமூகம் போதும். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் கிராமத்தில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு நடந்தது. இதைத் தனிமனித அந்தரங்கம் என்ற ஒரே அளவுகோலால் விளக்கவே முடியாது.

முகமறியும் கேமராவை ஆராய்பவர் கேமராக்களின் எண்ணிக்கையிலிருந்து தொடங்க வேண்டாம். ஒப்பிடும் படத்தொகுப்பில் யார் யார் படம் இருக்கிறது, வழக்கில் விடுதலையானவர் படம் நீக்கப்படுகிறதா, நீக்கச் சொல்லி யாரிடம் மனு கொடுப்பது என்று கேளுங்கள்.