ரிமோட்டின் ஓகே பொத்தான் லினக்ஸில் வேலை செய்யவில்லையா? சரிசெய்யும் முறை

கோத்தகிரியில் மழை பிடித்துக்கொண்டால் கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டவே மனம் வராது. பெரியப்பா வீட்டில், அரசு கொடுத்த பழைய விலையில்லா மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு டிவியோடு இணைத்திருக்கிறார்கள். யூஎஸ்பி டாங்கிளோடு (கணினியில் செருகும் சிறு ஏற்பி) வரும் ரிமோட்தான் அதற்கு. ஒலி கூடுகிறது, குறைகிறது; அம்புக்குறிகள் நகர்கின்றன; நடுவில் இருக்கும் ஓகே மட்டும் எதற்கும் மசியவில்லை. “ரிமோட் போய்விட்டது, ஊட்டிக்குப் போகும்போது வேறு வாங்கி வா” என்றார் பெரியப்பா. வாங்க வேண்டாம். இப்படி ஒரே ஒரு பொத்தான் அடம்பிடித்தால் முதலில் கணினியைச் சந்தேகியுங்கள்.

பொத்தானை அழுத்தியதும் டாங்கிள் அனுப்பும் எண்ணுக்கு ஸ்கேன்கோட் என்று பெயர். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் உள்ள இன்புட் டிரைவர் அதைத் தன் அட்டவணையில் தேடி, கீகோட் என்ற வேறோர் எண்ணாக மாற்றுகிறது. செயலிகளுக்குப் போய்ச் சேருவது கீகோட்தான். வழியில் எங்கே தொலைகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் முக்கால் வேலை முடிந்தது. கட்டளைகளை இங்கே தமிழில் ஒலிபெயர்த்திருக்கிறேன். டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்) ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்.

படி 1: கேளுங்கள்

‘இவிடெஸ்ட்’ என்ற சிறு நிரலை நிறுவி, ‘சுடோ இவிடெஸ்ட்’ என்று இயக்குங்கள். சுடோ என்றால் நிர்வாகி உரிமையோடு. சாதனங்களின் பட்டியல் வரும். இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள்: ஒரே டாங்கிள்தான் கீபோர்டு, மவுஸ், கன்ஸ்யூமர் கன்ட்ரோல் என்று இரண்டு மூன்று சாதனங்களாகத் தெரியும். ஓகே பொத்தான் எதில் பேசுகிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். ஒன்றில் மௌனமாக இருந்தால் பொத்தான் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

சரியான சாதனத்தில் அழுத்தியதும் இரண்டு வரிகள் வரும். எங்கள் ரிமோட்டில், எம்எஸ்சி_ஸ்கேன் என்ற வரியில் ஸ்கேன்கோட் சி0041. அதை அடுத்து கீகோட்: கீ_செலக்ட், எண் 353. அழுத்தும்போது மதிப்பு 1, விடும்போது 0, அழுத்திப் பிடித்தால் 2.

படி 2: எண்ணைப் பாருங்கள்

353 என்பதில்தான் சிக்கல். லினக்ஸில் திரையையும் கீபோர்டையும் செயலிகளோடு இணைக்கும், 1987-இல் வந்த எக்ஸ்11 நெறிமுறையில் கீகோடுக்கு ஒதுக்கிய இடம் 8 பிட் மட்டுமே, அதிகபட்சம் 255. கர்னல் தரும் எண்ணோடு 8-ஐக் கூட்டித்தான் எக்ஸ் சர்வர் எடுத்துக்கொள்கிறது. ஆக, 247-க்கு மேற்பட்ட எந்தப் பொத்தானும் வாசலோடு திரும்பிவிடும். 353-இல் உள்ள செலக்ட், 352-இல் உள்ள ஓகே, 398 முதல் 401 வரையுள்ள சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலப் பொத்தான்கள் எல்லாவற்றுக்கும் இதே கதி. ரிமோட்டுக்கென்றே உருவான பொத்தான்கள் பல இந்த உயர்ந்த எண்களில்தான் இருக்கின்றன.

எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலண்டில் இந்த வரம்பு இல்லை. ஆனால் அதற்குள் எக்ஸ்-வேலண்டு என்ற பாலத்தின் வழியாக ஓடும் பழைய செயலிகள் அதே சுவரில்தான் முட்டும்.

எண் 240 என்று வந்தால் அது வேறு கதை: கீ_அன்னோன். டிரைவரின் அட்டவணையில் அந்த ஸ்கேன்கோடுக்கு இடமே இல்லை. மருந்து இரண்டுக்கும் ஒன்றுதான்.

படி 3: அட்டவணையைத் திருத்துங்கள்

இதற்காக டிரைவரின் மூலநிரலைத் திறப்பவர்கள் உண்டு. வீண் வேலை, கர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் மறுபடி தொகுக்க வேண்டியிருக்கும். சாதனங்களைக் கவனித்துக்கொள்ளும் யுடெவ் அமைப்பின் எச்டபிள்யூடிபி (வன்பொருள் விவரத் தரவுத்தளம்) கோப்பு ஒன்றே போதும். ‘இடிசி’ கோப்புறைக்குள் ‘யுடெவ்’, அதற்குள் ‘எச்டபிள்யூடிபி.டி’. அங்கே ‘90-ரிமோட்.எச்டபிள்யூடிபி’ என்ற கோப்பை உருவாக்கி இரண்டு வரிகள் எழுதுங்கள்:

இவிடெவ்:இன்புட்:பி0003வி1234பி5678*
 கீபோர்டு_கீ_சி0041=என்டர்

முதல் வரியின் பி, வி, பி மூன்றும் பஸ், வெண்டர், ப்ராடக்ட் என்ற ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள். கோப்பில் சிறிய எழுத்தாக இருக்க வேண்டும். 0003 என்றால் யூஎஸ்பி. 1234, 5678 இரண்டும் மாதிரிக்குத்தான். உங்கள் எண்களை இவிடெஸ்ட் தொடக்கத்திலேயே காட்டியிருக்கும். அவற்றை முன்னால் 0 சேர்த்து நான்கு இலக்கமாக நிரப்புங்கள்; இந்த எண்களுக்குள் எழுத்து வந்தால் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். ஸ்கேன்கோடில் வரும் எழுத்தோ சிறியது. இரண்டாம் வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி கட்டாயம். அது இல்லையென்றால் அந்த வரி பயன்படாது.

படி 4: நடைமுறைப்படுத்துங்கள்

‘சுடோ சிஸ்டம்டி-எச்டபிள்யூடிபி அப்டேட்’ என்று இயக்கிவிட்டு, டாங்கிளைப் பிடுங்கி மீண்டும் செருகுங்கள். இவிடெஸ்டில் இப்போது கீ_என்டர், எண் 28 வர வேண்டும். பழைய 353-ஏ வந்தால் முதல் வரியின் எண்களையும் கடைசியில் உள்ள நட்சத்திரக் குறியையும் சரிபாருங்கள்.

வண்ணப் பொத்தான்களுக்கு என்டர் பொருந்தாது. அவற்றுக்கு என்டருக்குப் பதில் ப்ராக்1, ப்ராக்2 என்ற கீகளின் பெயரைக் கொடுக்கலாம். எண்கள் 148, 149. இரண்டும் வரம்புக்குள் அடங்கும். டெஸ்க்டாப்பின் குறுக்குவழி அமைப்பில் விரும்பிய வேலையை அவற்றோடு இணைத்துக்கொள்ளலாம். குழந்தைகள் பவர் பொத்தானை அழுத்திப் பாதிப் படத்தில் கணினியை அணைத்துவிடும் வீடுகளில், அதே கோப்பில் இன்னொரு வரி உதவும். பவர் பொத்தானின் ஸ்கேன்கோட் பெரும்பாலும் சி0030. அதையும் ஒரு ப்ராக் எண்ணுக்கு மாற்றிவிட்டால் எத்தனை முறை அழுத்தினாலும் படம் ஓடிக்கொண்டே இருக்கும்.