அவர் இல்லாத வீட்டை நடத்துவது எப்படி: பாளையங்கோட்டையிலிருந்து சில குறிப்புகள்

முதல் வேலையாக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஆறுதல் புத்தகம் வாங்க வேண்டாம். அது தானாக வீட்டுக்கு வந்து சேரும். எனக்கு ஏழு வந்தது, அதில் இரண்டு ஒரே புத்தகம்.

2023 ஆகஸ்டில் எங்க அத்தான், என் புருஷன், போனார். வயது 49. சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர் நெஞ்சு கரிக்கிறது என்று கோலி சோடா வாங்கிக் குடித்தார். ராத்திரி ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம்தான் இருந்தார். மகன் காலேஜில் இரண்டாம் வருஷம், மகள் பத்தாம் வகுப்பு, கூடவே அத்தானின் அம்மா. எனக்கென்று இருந்தது ஒரு தையல் மெஷின். பேங்குக்கு அதுவரை நான் தனியாகப் போனதே இல்லை. கவர்மெண்ட் வேலை பார்த்தவர் வீட்டுக் கதை வேறாக இருக்கும். இது தனியார் வேலை, பி.எஃப். பிடித்தம், வாடகை வீடு என்று இருந்த வீட்டின் கதை.

நோட்டு எதற்கென்றால், அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் எங்கள் ஐயரம்மா (சபைப் போதகரின் மனைவி) வந்து வேதாகமத்தில் இரண்டாம் ராஜாக்கள் நான்காம் அதிகாரத்தை வாசித்தார்கள். கடன்காரன் பிள்ளைகளைப் பிடித்துப்போக வருகிறான் என்று ஒரு விதவை எலிசா தீர்க்கதரிசியிடம் அழுகிறாள். அந்த மனுஷன் பிரசங்கம் பண்ணவில்லை. வீட்டில் உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டான். ஒரு குடம் எண்ணெய் என்றாள். அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கு, கதவைப் பூட்டிக்கொண்டு வார்த்து வை என்றான். எண்ணெய் நிறைந்த பிறகு, விற்றுக் கடனை அடை, மிச்சத்தில் நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள் என்றான். வாசித்து முடித்ததும் ஐயரம்மா ஜெபம் பண்ணுவார்கள் என்று கண்ணை மூடினேன். "பாஸ்புக்கெல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்டார்கள்.

அன்றைக்கு ஆரம்பித்தது நோட்டு. ஒரு பக்கத்தில் என்ன இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் யாருக்கு எவ்வளவு தர வேண்டும். மூன்றாவதாக, அத்தானுக்கு மட்டும் தெரிந்திருந்த விஷயங்கள்: கேஸ் புக் பண்ணும் நம்பர், மோட்டார் தண்ணி இழுக்காவிட்டால் எங்கே தட்ட வேண்டும், போன் பேட்டர்ன். இந்த மூன்றாவது பட்டியல்தான் நீளம்.

காகிதங்கள்

இறப்பை 21 நாளைக்குள் பதிந்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம், அனுமதி என்று அலைச்சல். சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். நம் வீடுகளில் ஒரே ஆளுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடத்துப் பெயர் ஒன்று, அப்பா பெயரைச் சேர்த்து ஒன்று என்று இருக்கும். அத்தானுக்கு ஆதாரில் ஒரு விதம், பி.எஃப். கணக்கில் வேறு விதம். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நான்கு மாதம் போனது.

வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனு கொடுத்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரித்து, கடைசியில் தாசில்தார் கையெழுத்து. விசாரணைக்கு வரும்போது வீட்டில் நீங்கள் இருக்க வேண்டும். பேச்சை மைத்துனரிடம் விட்டுவிட வேண்டாம்.

பி.எஃப். விஷயத்தில் நான் ஏமாற இருந்தேன். அத்தான் வேலை பார்த்த இடத்தில் ஒரு படிவத்தைக் கொடுத்து, "இவ்வளவுதாம்மா" என்றார்கள். அது படிவம் 20, சேர்த்து வைத்த பணத்துக்கு மட்டும். மனைவிக்கு மாதப் பென்ஷன் வர படிவம் 10டி. வேலையில் இருக்கும்போதே இறந்தால் வரும் இன்சூரன்ஸுக்குப் படிவம் 5ஐஎஃப்; அதன் உச்சவரம்பு 7 லட்சம். பென்ஷனுக்குப் பத்து வருஷம் சர்வீஸ் வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். அது ஓய்வு பெறுகிறவருக்கு. வேலையில் இருக்கும்போது இறந்தவர் வீட்டுக்கு ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலே போதும். பிள்ளைகளில் இரண்டு பேருக்கு 25 வயது வரை தனியாகக் கொஞ்சம் வரும். தொகை பெரிதில்லை. எங்கள் வீட்டு வாடகையில் பாதிகூடத் தேறாது. ஆனால் மாதம் தவறாமல் வருகிறது.

பாஸ்புக்கை என்ட்ரி போட்டு வரிவரியாகப் பாருங்கள். மே கடைசியிலோ ஜூனிலோ 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி இன்சூரன்ஸ். எப்படி இறந்திருந்தாலும் 2 லட்சம் உண்டு. 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக்கு மட்டும். அத்தான் கணக்கில் 436 இருந்ததைக் கண்டுபிடித்தது மகள். எனக்கு அந்த வரியைப் பத்து தடவை பார்த்தும் விளங்கவில்லை. அவருடைய ஏ.டி.எம். கார்டைப் போட்டுப் பணம் எடுக்க வேண்டாம், பின்னால் வில்லங்கம். நாமினி என்று எழுதியிருந்தால் பணத்தைக் கையில் வாங்கும் உரிமைதான், முழுவதும் நாமினிக்கே சொந்தம் என்று ஆகாது.

பங்கு விஷயம். உயில் இல்லாமல் இறந்த கிறிஸ்தவருக்கு 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு. நாகர்கோவில் பக்கத்துச் சொந்தக்காரர்கள் சிலர் பெண்ணுக்குக் குறைத்துக் கொடுக்கும் பழைய திருவிதாங்கூர் வழக்கத்தை இன்னும் பேசுவார்கள். அதற்கு 1986இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. இந்தச் சட்டத்தில் பிள்ளைகள் இருந்தால் இறந்தவரின் அம்மாவுக்குப் பங்கு கிடையாது. அத்தையிடம் இதைச் சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. சட்டம் விட்டதை நாங்கள் விடவில்லை. இன்சூரன்ஸ் பணத்தில் ஒரு தொகையை அத்தை பேரில் போட்டோம்.

கடன் கேட்டு வருகிறவர்களிடம் "நோட்டில் எழுதிக்கொள்கிறேன், எழுத்து காட்டுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் அவர் கடனுக்கு நாம் பொறுப்பு. அழுகிற நேரத்தில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது. பி.எஃப்.பும் இல்லாமல் கைவிடப்பட்ட நிலை என்றால், ஆதரவற்ற விதவைகளுக்கான 1,200 ரூபாய் உதவித்தொகைக்குத் தாலுகா ஆபீஸில் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தில் ஆதிச்சபையிலேயே விதவைகள் பந்தியில் விடுபட்டுப்போய் முறுமுறுப்பு வந்தது. அதன் பிறகுதான் அதைக் கவனிக்க ஏழு பேரை நியமித்தார்கள்.

உழக்கு

எங்கள் வீட்டில் அரிசி உழக்கால்தான் அளப்போம். அவர் போய் மூன்று மாதம் நான் அதே அளவில்தான் உலை வைத்தேன். தினமும் ராத்திரி சோறு மிஞ்சும், தண்ணி ஊற்றுவேன், காலையில் அத்தையும் நானும் பழையது சாப்பிடுவோம். ஒருநாள் அத்தைதான், "உழக்கைக் குறைளா, அவன் சாப்பாட்டுக்கு வரமாட்டான்" என்றார்கள். அடுப்படியில் இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம். பெற்றவளுக்கும் கட்டினவளுக்கும் யாருக்கு அதிகம் போச்சு என்ற சண்டை அதுவரை எங்களுக்குள் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. மாமியார் இருக்கிற வீடுகளுக்கு என் யோசனை: ஏதாவது ஒரு வேலையைச் சேர்ந்து செய்யுங்கள். நாங்கள் வெங்காயம் உரித்தோம்.

சாயங்காலம் ஆறரை, ஏழு மணிதான் மோசம், அவருடைய வண்டி வரும் நேரம். அந்த நேரத்துக்கு ஒரு வேலையைக் கட்டாயமாக வையுங்கள். நான் பிளவுஸ் அளவெடுக்க வருகிறவர்களை அந்த நேரத்துக்கு வரச் சொன்னேன். வண்டியை விற்பதானால் முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் இறப்பைத் தெரிவித்து ஆர்.சி.யை உங்கள் பேருக்கு மாற்ற வேண்டும், அதற்குப் படிவம் 31.

தூக்கத்துக்குப் பக்கத்து வீட்டு மாத்திரை வேண்டாம், டாக்டரிடம் போங்கள். எனக்கு பி.பி. இருந்தது அப்போதுதான் தெரிந்தது. சாகலாம் என்று நினைப்பு வந்தால், அதை விசுவாசக் குறைவு என்று மூடி வைக்காதீர்கள். மனநல உதவிக்கு 14416க்குப் போன் பண்ணலாம், 104க்கும் பண்ணலாம், காசில்லை. ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு நான் பண்ணினேன்.

தாலி, பூ, கல்யாண வீடு

பெட்டி மூடுவதற்கு முன் ஒரு பெரியம்மா என் கழுத்துச் சங்கிலியில் கை வைத்தார்கள். ஐயரம்மா அந்தக் கையைப் பிடித்து மெதுவாக எடுத்துவிட்டார்கள். வேதத்தில் எங்கேயும் விதவையின் கழுத்தைப் பிடுங்கச் சொல்லவில்லை. பொட்டு வைக்காத நாம்தான் இந்த ஒன்றை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறோம். கழற்றுவதும் கழற்றாததும் உங்கள் இஷ்டம், நாளும் உங்கள் இஷ்டம். நான் ஐந்தாம் மாதம் கழற்றினேன். தாலி பீரோவில், சங்கிலி கூட்டுறவு சங்கத்தில். மகனுக்குப் பீஸ் கட்ட வேண்டியிருந்தது. கல்யாண வீட்டில் முன்வரிசைக்கு வராதே என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நாற்காலியைப் பின்னால் போடுவார்கள். நான் அதை எடுத்துக்கொண்டு முன்னால் போய் உட்கார்கிறேன்.

கோயிலும் ஜெபமும்

கர்த்தரே உனக்குப் புருஷன் என்று குறைந்தது இருபது பேர் சொன்னார்கள். கர்த்தர் சிலிண்டர் தூக்க வருவாரா என்று மனசுக்குள் கேட்டேன். தேவசித்தம் என்று சொன்னவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டியதில்லை. காபி கொடுத்தால் போய்விடுவார்கள்.

எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். என் இடத்திலிருந்து பார்த்தால் அத்தான் உட்காரும் பெஞ்சு நேரே தெரியும், ஃபேனுக்குக் கீழே நாலாவது. அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்த ஞாயிறன்று எனக்குப் பாட்டு வரவில்லை. ஆகவே முதல் ஆராதனைக்கு மாறினேன். அதில் முகங்கள் வேறு. முதல் பாட்டு தொடங்கியபின் உள்ளே போய், ஆசீர்வாதம் கூறியதும் வெளியே வந்துவிடுவது. பாட முடியாவிட்டால் பாமாலையைத் திறந்து வைத்துக்கொண்டு நில்லுங்கள், மற்றவர்கள் பாடட்டும். சாட்சி சொல்லக் கூப்பிட வேண்டாம் என்று ஐயரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். காணிக்கையைக் குறைத்தேன். அப்பம் வாங்கும் திருவிருந்துக்கு மட்டும் தவறவில்லை. பேசத் தேவையில்லாமல் கையை நீட்டினால் போதும் என்பதால்.

வீட்டு ஜெபம் அத்தான் நடத்துவது, ராத்திரி ஒன்பதுக்கு. அவருக்குப் பிறகு யாருக்கும் வாய் எழவில்லை. ஒரு வாரம் நின்றுபோனது. பிறகு ஒரு முறை வைத்தோம்: ஒரு சங்கீதம், ஆளுக்கு ஒரு வசனம், பரமண்டல ஜெபம், முடிந்தது. சொந்த வார்த்தையில் ஜெபிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அத்தைக்கு எழுத்து தெரியாது, மனப்பாடத்தில் சொல்வார்கள். ஜெயசங்கீதங்களை ஒதுக்கிவிட்டு, "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று கேட்கும் 13, கடைசி வசனம் வரை விடியாத 88, இவற்றைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தோம். என் மகள், "88ல முடிவே சரியில்லையே" என்றாள். சரியில்லாததையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது. ரூத் புத்தகத்தில் புருஷனையும் இரண்டு மகன்களையும் இழந்த நகோமி, என்னை மாராள், கசப்பானவள், என்று கூப்பிடுங்கள் என்கிறாள். அப்படிப் பேசலாமா என்று அந்தப் புத்தகத்தில் ஒருவர்கூட அவளைக் கண்டிக்கவில்லை.

எட்டாம் மாதம் வாக்கில், துணி வெட்டிக்கொண்டிருந்தபோது எனக்குத் தெரியாமல் ஒரு கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். விசுவாசம் திரும்பி வந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பாட்டு வந்தது.

கல்லறைக்கு முதல் வருஷமே கிரானைட் போடச் சொல்வார்கள். பொறுங்கள், மண் இறங்கட்டும். நாங்கள் மரச்சிலுவைதான் வைத்திருந்தோம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குப் பிள்ளைகள் சுண்ணாம்பு அடித்தார்கள்.

கடைசியாக ஒன்று, மறந்தால் பென்ஷன் நின்றுவிடும். வருஷம் ஒரு தடவை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும், கைரேகை வைத்து. போன தடவை நான் போனபோது மெஷின் என் விரலை ஏற்கவில்லை. வலது கை விரலெல்லாம் ஊசி குத்திக் காய்த்துப்போயிருக்கிறது. அந்தப் பையன் நாலு தடவை துடைத்து வைக்கச் சொல்லிவிட்டு, "வேற விரல் வைங்கம்மா" என்றான். இடது கை நடுவிரலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: இடது நடுவிரல்.